தும்பி பின்வாங்காது

"உண்மையானது எங்கையடா?" என்று கேட்டபடி அருமைராசா, மனைவியின் தம்பி லக்ஷனின் வாயில் இன்னொரு குத்து விட்டார். லாசால் பகுதி அடுக்குமாடி வீட்டின் வெள்ளைச் சுவரில் இரத்தம் தெறித்தது.

மேசையில் வட்டமான ஓர் இரும்புத் தகடு வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. சாமுராய் வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே நின்று விரல்களைக் காக்கிற கைகாப்பு. இரும்பை நூல் நூலாக வெட்டியெடுத்து, சிறகின் நரம்பு வரை தெரிகிற ஒரு தும்பியை அதில் வைத்திருந்தார்கள்.

மொன்றியலில் பதினொரு குளிர்காலம் டாக்ஸி ஓட்டி அருமைராசா வாங்கிய கைகாப்பு கன்னங்கரேல் என்றிருக்கும். முந்நூறு வருடக் காற்றும் கையும் ஏற்றிய கறுப்பு அது. வெறுங்கையால் அவர் அதைத் தொட்டதே இல்லை. பெற்ற பிள்ளையைக்கூட மனிதர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பின்னேரம் அதைப் பார்க்க ஒரு ஜப்பானிய நிபுணர் வரப்போகிறார். பெட்டியைத் திறந்தால் இந்தப் பளபளக்கிற போலி.

"போன கிழமை நாலு பக்கமும் போட்டோ எடுத்தாய். ஆரிட்டைக் குடுத்து இதை வெட்டுவிச்சனீ?"

"வடிவா இருந்ததெண்டு எடுத்தனான், அத்தான். அம்மாவாணை நான் பெட்டியைத் திறக்கேல்லை."

"தும்பி முன்னுக்கு மட்டும்தான் பறக்கும், பின்வாங்காது. அதுக்குத்தான் சாமுராய் அதை வாளிலை வைச்சவன். நானும் அப்பிடித்தான்."

லக்ஷன் கதவை நோக்கி ஓடினான். நவராத்திரிக்கு மினுக்கிப் பேப்பரில் காயவைத்திருந்த குத்துவிளக்கில் கால் தடுக்கி விழுந்தான்.

கழன்று உருண்ட பித்தளைத் தண்டை அருமைராசா எடுத்தார். நிலத்தில் ஊன்றியிருந்த அவனுடைய வலக்கையில் ஓங்கி இறக்கினார். பல் வைத்தியத்துக்குப் படிக்கிற கை. எலும்பு நொறுங்கிய சத்தம் அவருக்கே கேட்டது, ஆனாலும் வெறி அடங்கவில்லை. மூன்றாவது அடிக்கு லக்ஷன் கத்தவும் இல்லை.

வாசல் பூட்டில் திறப்புப் போடும் சத்தம் கேட்டது. கடைக்குப் போயிருந்த மனைவி நிரோஜா நடைக்குள் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, உள்ளே பார்க்காமல், சந்தோசமாகக் குரல் கொடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆள் பாக்க வருதெண்டு உங்கடை கறள் பிடிச்சுக் கறுத்த இரும்பையும் விளக்கோடை சேத்துப் புளி போட்டு மினுக்கி வைச்சனான்."