ஆடாத காசு

இப்போதெல்லாம் எதுவும் சத்தம் போடக் கூடாது. பிள்ளை அழுதால்கூட போனைக் கொடுத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். சடையாண்டிக்கு இதைக் கண்டாலே வயிறு எரியும். மகன் கதிரவன் அந்தக் காலத்து ரேஸ் கார் மாதிரியே ஃபைபரில் ஒரு வண்டி செய்தபோது, தன் வேனின் இஞ்சினைக் கழற்றிக் கொடுத்தவர் அவர்தான். இன்றைக்கு அந்தப் பழைய இஞ்சின் மகனின் பட்டறை வாசலில் ஒரு டயர் மேல் கிடக்கிறது. வண்டிக்குள் புது இஞ்சின் ஓடுகிறது. காதை வைத்தால்தான் ஓடுவதே தெரிகிறது.

கதிரவன் ஓடுகிற இஞ்சின் மேல் ஒரு ரூபாய்க் காசைச் செங்குத்தாக நிறுத்தினான். காசு அசையவே இல்லை.

"உன் இஞ்சின்ல நிக்குமாப்பா? தோத்துட்டேன்னு சொல்லு, பழசை எடைக்குப் போட்டுரலாம்."

பட்டறையே சிரித்தது. சடையாண்டி காசையே உற்றுப் பார்த்தார்.

"பொணத்து நெத்தியில வச்ச காசும் இப்படித்தான்டா ஆடாது."

சிரிப்பு நின்றது. கதிரவன் வெடுக்கென்று காசை எடுத்துக்கொண்டான்.

"பழசைத் தொட்டேன்னா எடைத்தட்டுல நானும் ஏறி உக்காந்துருவேன், பாத்துக்க."

"சரிப்பா, கோவிக்காத. வண்டியில ஏறு, வீட்டுல விடுறேன்."

"சத்தமில்லாம நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு இன்னும் நாள் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.