குக்கருக்கு அடியில் ஒரு வரி

யாரைக் கேட்டு என் நடுவயிற்றில் குக்கர் விளம்பரத்தை ஒட்டினீர்? உம்முடைய வலைப்பூவில் லீப் ஆண்டு பற்றி நீர் எழுதிய கட்டுரை நான்தான் கேட்கிறேன்.

‘நான்கால் வகுபடும் ஆண்டில் பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடும்’ என்ற வரி நன்றாகத் தெரிகிறது. ‘ஆனால் இரண்டு சைபரில் முடியும் ஆண்டு நானூற்றால் வகுபட்டால்தான் கூடும்’ என்ற அடுத்த வரியோ, குக்கருக்கு அடியில் மூச்சுத் திணறிக் கிடக்கிறது.

“கொஞ்சம் மேலே போய் உட்காரம்மா. தலைப்புக்குப் பக்கத்துல பெரிய இடமாத் தர்றேன்” என்று நானும் பேரம் பேசிப் பார்த்தேன்.

“படிக்கிறவங்க கை தவறித் தொடுற இடம் இதுதான்யா. அதுலதான் உன் முதலாளிக்கு வருமானம். நீ என்னத்தச் சம்பாதிச்சுக் கிழிச்சே?” என்றது குக்கர்.

இன்று ஒரு வாசகி கீழே கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறார்: “இதைப் படிச்சுட்டு 2100 லீப் ஆண்டுன்னு என் பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வகுப்புல எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம். தெரியலைன்னா எதுக்கு எழுதுறீங்க?”

எனக்குத் தெரியாதா? காசு உமக்கு, திட்டு எனக்கா? வேண்டுமானால் தலைப்பையே விற்றுக்கொள்ளும். அந்த ஒரு வரியை வெளியே எடுத்துவிட்டு, அந்த வாசகியிடம் தப்பு உம்முடையது என்று உம் கையாலேயே எழுதும், ஐயா!