புது இடம்

கல்யாணமான புதிதில், ஆரணி பஜாரில் டேனி வாங்கி வந்த ஆமைக்குஞ்சு எதையுமே தின்னவில்லை. அவன் அம்மா ஆரோக்கியசெல்வி கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"புது எடம்மா, பயந்துகினு இருக்கும். சுத்தி நின்னு பாத்துகினே இருக்காதீங்க. தீனிய வச்சிட்டு நகந்துடுங்க, தானா துன்னும்."

போனை வைத்தவள் சற்று யோசித்தாள். வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, புருஷனையும் பிள்ளையையும் வாசலுக்கு விரட்டினாள்.

"யாரும் உள்ள எட்டிப் பாக்கக் கூடாது!"

சற்று நேரம் கழித்து அவள் மட்டும் உள்ளே போய், முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

"சாப்ட்டுச்சிடா!"

டேனி தொட்டியிடம் ஓடினான். "இல்லியேம்மா, தீனி அப்படியே மெதக்குது!"

"ஆமை கெடக்கட்டும். கல்யாணமாகி வந்ததுலருந்து நம்ம முன்னாடி அரை தோசைக்கு மேல தொடாம இருந்தாளே உன் பொண்டாட்டி, இன்னிக்கு நாலு தோசைடா!"