பல் பட்ட சீசன் டிக்கெட்

"இதுல உங்க பேர் எங்கம்மா?"

ஸ்டேஷன் வாசலில் செக்கர் அவளுடைய சீசன் டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பாப்பா கடிச்சிட்டா சார்."

"பல் முளைச்சிடுச்சா? சந்தோஷம். பேர் இல்லாத சீசன் செல்லாது. அபராதம் கட்டறீங்களா, நம்ம கவுன்ட்டர்லயே புதுசு எடுக்கறீங்களா?"

"ஜங்ஷன்ல, ஆபீஸ் பக்கத்துல எடுத்துக்கறேனே சார்."

"இங்க எடுத்தா விட்டுடறேன். இல்லன்னா அபராதம்."

எடுத்தாள். அதற்குள் அவள் ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலின் பெண்கள் பெட்டியில் நர்ஸ் அக்கா இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

"அந்தச் செக்கர் கழுகு உன்னையும் கொத்திடுச்சா? போன வாரம் என் கையெழுத்து சரியில்லன்னான். ஸ்டேஷனையே மூடப் போறாங்க. இழுத்து மூடற கடைக்கு இவ்வளவு காவல்!"

"நிஜமாவே மூடிடுவாங்களாக்கா?"

"மாசக் கடைசியில முடிவாம். ஆளே ஏறாத ஸ்டேஷன்னு மேல எழுதி வெச்சிருக்காங்க. நாம எல்லாம் யாரு, பேய்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரில் பாப்பாவை விடும் குழந்தைகள் காப்பகம் பூட்டிவிடும். ஒரு தடவை தாமதமாகப் போனபோது, பையும் பாப்பாவுமாக ஆயா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தடவை இப்படின்னா வேற இடம் பாத்துக்கம்மா." இந்த ஸ்டேஷனை மூடிவிட்டால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்து வர தினமுமே தாமதம்தான். காப்பகம் இல்லையென்றால் வேலையும் இல்லை.

"பயப்படாதே. இது என்ன சும்மா வந்த ஸ்டேஷனா?" என்றாள் நர்ஸ் அக்கா. "அந்தக் காலத்துல ரயில் இங்க நிக்கவே நிக்காது. ஒருத்திக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்ல. கூட இருந்த பொம்பளைங்க சிவப்புப் பாவாடையை ஆட்டி ரயிலையே நிறுத்திட்டாங்க! பெட்டியிலயே பிரசவம். அப்புறம் தினமும் பாவாடையோட தண்டவாளத்துகிட்ட வந்து நின்னாங்க. தொல்லை தாங்காம ஸ்டேஷன் கட்டினாங்க."

"அந்தக் குழந்தை?"

"வெளிநாட்டுல பெரிய டாக்டராம்."

"விமானம் ஓட்டறார்னுல்ல கேள்விப்பட்டேன்?" என்றாள் எதிரே இருந்த டீச்சர்.

"எதை ஓட்டினா என்ன? நன்றி கெட்டவன். பொறந்த இடத்தை ஒரு தடவை எட்டிப் பாத்தானா? அவனை விடு. முதல்ல இந்தக் கழுகை மாத்தச் சொல்லிப் புகார் எழுதுவோம்."

பெட்டியே கையெழுத்துப் போட்டது. ஸ்டேஷனுக்கு அருகில் குடியிருப்பதால் கொடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது.

மாதக் கடைசி. சாயங்காலம் பாப்பாவைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு, புகாரோடு ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போனாள். அவர் தொலைபேசியைப் படாரென்று வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"ஜெயிச்சிட்டோம்மா! ஸ்டேஷனை மூடலை!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எப்படி சார்?"

"டிக்கெட் எந்த ஸ்டேஷன்ல வாங்கறீங்களோ, அங்கதான் ஆள் ஏறினதாக் கணக்கு. நீங்க எல்லாரும் ஜங்ஷன்ல சீசன் எடுத்துட்டு இங்க ஏறினீங்க. எங்க கவுன்ட்டர் ஈ ஓட்டிச்சு. நம்ம செக்கர்தான் ஒவ்வொருத்தரையா மடக்கி இங்க வாங்க வெச்சார். ஜங்ஷனுக்கு மாத்தல் வந்தப்பகூட வேண்டாம்னுட்டார்... அது என்னம்மா கையில?"

"ஒண்ணுமில்ல சார்."

புகாரைப் பாப்பாவின் கையில் திணித்தாள். பாப்பா நேராக வாய்க்குக் கொண்டுபோனது. 'நல்லாக் கடிடி, என் ராசாத்தி.'

வெளியே செய்தி பரவி, நடைமேடையில் ஒரே கைத்தட்டல். நர்ஸ் அக்கா விசில் அடித்துக்கொண்டிருந்தாள். செக்கர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல வாசலில் நின்றார். அவள் அவரிடம் போனாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"நோட்டீஸ் ஒட்டினேன். அது மேல வாடகைக்கு வீடுன்னு ஒட்டிட்டுப் போயிட்டீங்க. அபராதம்னதும்தான் உங்களுக்கெல்லாம் காது கேட்டுச்சு."

"உங்களுக்கு ஏன் சார் இந்த ஸ்டேஷன் மேல இவ்வளவு...?"

செக்கர் பாப்பாவின் வாயிலிருந்து காகிதத்தை மெதுவாக எடுத்தார். படிக்காமலே அவளிடம் நீட்டினார்.

"உங்க பெட்டியில பேசிக்கறீங்களே, அந்தக் குழந்தை டாக்டராவும் ஆகலம்மா, விமானமும் ஓட்டல. ரயில்ல பொறந்தவன், செக்கராத்தான் ஆனேன்."