மூக்கு பாய்

காரின் பெட்ரோல் மூடியைச் சுற்றி இன்னொரு தரம் மோந்து பார்த்தார் சேக் மைதீன். ஊஹூம், ஒரு பொட்டு வாடை இல்லை.

செல்லூரில் அவருக்கு 'மூக்கு பாய்' என்றுதான் பேர். பெட்ரோல் ஆவி எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க மற்ற ஒர்க்‌ஷாப்களில் குழாய்க்குள் புகையை ஏற்றி, அது வெளியே வரும் இடத்தைத் தேடுவார்கள். பாய்க்கு அந்த மெஷினெல்லாம் வேண்டாம். வண்டியை ஒரு சுற்று வந்து, இந்த ஹோஸ்தான் என்று விரலை வைத்துவிடுவார்.

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு இன்றைக்குத்தான் கடையைத் திறந்திருந்தார். முதல் வண்டியே இப்படியா வந்து வாய்க்க வேண்டும்? ஸ்கேனரைச் சொருகினால், ஆவி கசிகிறது என்று அடித்துச் சொல்கிறது. மோந்தால் ஒன்றுமில்லை.

வண்டிக்காரன் சிவபாண்டி சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தான். "நாளைக்குக் கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு திருச்செந்தூர் போறோம் பாய். வேற எங்கயும் காட்டல. நீங்க சரின்னாத்தான் வண்டிய எடுப்பேன்."

பாய் வண்டிக்கடியில் படுத்தார். டேங்க், ஹோஸ், வால்வு என்று ஒன்று விடாமல் கழற்றி, மோந்து, மாட்டினார். நடுவில் எதிர்க் கடைக்குப் போய் இஞ்சி டீ குடித்தார். வெந்நீரையா ஆற்றிக் கொடுத்தாய் என்று அங்கே ஒரு சண்டை. டீக்கடைக்காரர் கிளாஸின் அடியில் கிடந்த இஞ்சித் துணுக்கைக் காட்டினார்.

மணி ஒன்றாகிவிட்டது. புகை மெஷின்காரனிடம் வண்டியை அனுப்பினால் இருபது வருஷத்துப் பேர் இன்றோடு போச்சு. அனுப்ப மனசில்லை, கண்டுபிடிக்கவும் வழியில்லை. பாவம், மனிதர் ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அழாத குறைதான்.

கடைசியில், ஸ்கேனர்தான் பொய் சொல்கிறது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி, போனை எடுத்தார்.

"வண்டில ஒரு குறையும் இல்ல மாப்ள. தாராளமா பிள்ளையக் கூட்டிட்டுப் போ."

போனை வைத்தவர் நிமிர்ந்தார். சோற்றுக் கேரியரோடு வந்த மனைவி சமீனா, உள்ளே கால் வைக்காமல், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, பெட்ரோல் நாத்தம் கொடலப் பொரட்டுது, எப்டி உள்ள இருக்கீங்க?"