சராசரி 4.45

“பெரம்பலூர், அரியலூர் ரெண்டு ஜில்லாவையும் சல்லடை போட்டுச் சலிச்சாலும், பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆளு என் லேப்டாப்புதாங்க மேடம்!”

அறிவரசன் இதைச் சிரிக்காமல் சொன்னான். கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவன். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற மென்பொருளைத் திறக்கும்போது செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவான்.

எதிரே அதே துறையில் பாடம் நடத்தும் அம்பிகா மேடம். கைப்பையைத் தோளில் மாட்டியபடி, உட்காராமல் நின்றிருந்தாள்.

விஷயம் இதுதான். துறையின் ஐந்து ஆசிரியர்களையும் ஒன்றிலிருந்து ஐந்து வரை வரிசைப்படுத்தச் சொல்லி, மூன்றாமாண்டு மாணவர்கள் ஐம்பத்தெட்டுப் பேரிடம் படிவம் கொடுத்திருந்தார்கள். கடைசி இடம் வருபவருக்கு ஜூன் மாதம் முதல் வேலை கிடையாது. பிரின்ஸ்பல் சாமிதுரையின் உத்தரவு.

படிவம் தயாரித்தது அறிவரசன். மாணவர்கள் போட்டதை, ஆசிரியர் பெயர்களுக்குப் பதில் எழுத்துகள் போட்டு லேப்டாப்பில் ஏற்றியது அம்பிகா. யார் எந்த எழுத்து என்ற பட்டியல், பசை தடவி ஒட்டிய உறைக்குள் மேஜை மேல் இருந்தது. டேபிள் முடிந்த பிறகு உறையைப் பிரித்து, பெயர்களைப் போட்டு, நாலு மணிக்குள் கொண்டுவர வேண்டும்.

பக்கத்தில், ஐவரில் ஒருவரான ராஜராஜன் சார் வைத்துவிட்டுப் போன லட்டு டப்பா. அவருக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமையோடு கிளம்புகிறார்.

திரையில் டேபிள் வந்துவிட்டது. சராசரி ரேங்க்: ‘ஏ’ 1.52. ‘பி’ 2.31. ‘சி’ 3.00. ‘டி’ 3.72. ‘இ’ 4.45.

“முடிஞ்சது. ‘ஏ’ முதலிடம், ‘இ’ வூட்டுக்கு” என்றான்.

“சார், அது தலைகீழா இருக்குங்க.”

“டேபிளா?”

“புள்ளைங்க போட்டது. ஒண்ணுன்னா முதலிடம்னு படிவத்துல எங்கயாவது எழுதியிருக்கீங்களா?”

“ஒண்ணுன்னா ஒண்ணுதாங்க மேடம். இதையும் எழுதணுமா? கீழ, தண்ணி குடிச்சா தாகம் தீரும்னும் போட்டுருவோமா?”

“நம்ம புள்ளைங்க ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து மார்க்கு வாங்கியே வளந்ததுங்க. அஞ்சுக்கு ஒண்ணு வாங்குனா அடி, அஞ்சுக்கு அஞ்சு வாங்குனா மிட்டாய். அதே கணக்குல போட்டுருக்குங்க. மூணாம் வருஷத்துப் பொண்ணு தமிழ்மொழிகிட்ட கேட்டேன், ‘நல்லா நடத்துறவங்களுக்குத்தான் மேடம் அஞ்சு போட்டோம்’னுச்சு.”

“கடைசி இடம் வந்தவங்களுக்குன்னு எங்கேர்ந்தாவது ஒரு சாட்சி கிடைச்சுருது பாருங்க!” அறிவரசன் நாற்காலியில் சாய்ந்தான். “பரீட்சையில பெயிலானவன் பேப்பர் திருத்துனவரைத் திட்டுவான். எலெக்‌ஷன்ல தோத்தவன் மெஷினைத் திட்டுவான். நீங்க நான் போட்ட படிவத்தைத் திட்டுறீங்க.”

“ஒரே ஒரு தடவை ரீகோட் பண்ணிப் பாருங்க சார். ஒண்ணை அஞ்சாக்கி, ரெண்டை நாலாக்கி…”

“அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லைங்க, திருட்டு. எவனுக்கோ வேலை போகுதுன்னு டேபிளைப் புரட்டுற ஆளு நான் இல்லை. டேட்டான்னா சாமி மாதிரி. ஒரு தடவை உக்கார வச்சுட்டா நகத்தக் கூடாது.”

அம்பிகா உறையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“யாரு எந்த எழுத்துன்னு வெளிய சொல்ல மாட்டேன்னு பிரின்ஸ்பல்கிட்ட வாக்குக் குடுத்துருக்கேன். இல்லைன்னா இவ்வளவு பேச மாட்டேன்.”

“நீங்க சொல்லவே வேணாம். ‘இ’க்காக இப்படித் தொண்டைத் தண்ணி வத்தப் பேசுறீங்களே, எனக்குப் புரியாதா?” அவன் குரலில் கருணை வழிந்தது. “மனசை விட்டுறாதீங்க மேடம். ஜெயங்கொண்டத்துல ஒரு டியூஷன் சென்டர்ல ஆள் கேக்குறாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே. நம்பர் தரவா?”

“நீங்களே வச்சுக்கங்க சார். தேவைப்படும்.”

“கோவப்படாதீங்க. லட்டாவது எடுத்துக்கங்க.”

“திருமானூர் பஸ் போயிரும், வரேன்” என்று அம்பிகா கிளம்பிவிட்டாள்.

தோற்றவர்களின் நடையே தனி என்று அறிவரசன் நினைத்துக்கொண்டான். ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உறையைக் கிழித்தான். அம்பிகாவின் மணி மணியான கையெழுத்து. முதல் வரியில் ‘ஏ’, ராஜராஜன். அறிவரசனின் புருவம் உயர்ந்தது. வகுப்பில் முப்பது பேரைத் தூங்க வைப்பவர் முதலிடமா? இருக்கட்டும், டேட்டா பொய் சொல்லாது. நடு வரிகளைத் தாண்டிக் கண் நேராகக் கடைசி வரிக்குப் போனது.

‘இ’, அறிவரசன்.

உறைக்குள் வேறு தாள் இருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான்.

போன் அடித்தது. பிரின்ஸ்பல்.

“என்ன அறிவரசன், டேபிள் ரெடியா?”

“அஞ்சே நிமிஷம் சார்… புள்ளைங்க போட்டதுல ஒரு சின்ன குழப்பம். சரி பண்ணிக் கொண்டாறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது செருப்பைக் கூடக் கழற்றவில்லை. திரையில் ரீகோட் ஜன்னலைத் திறந்து, ஒன்றை ஐந்தாக்கினான், இரண்டை நாலாக்கினான், நாலை இரண்டாக்கினான், ஐந்தை ஒன்றாக்கினான்.

புதிய டேபிள் வந்தது. ‘இ’ 1.55, முதலிடம். ராஜராஜன் சார் லட்டோடு கடைசிக்குப் போயிருந்தார். பெருமூச்சு விட்டு ஒவ்வொரு பெயராக டைப் அடித்துக்கொண்டே வந்தவன் நடு வரியில் நின்றான்: எந்தப் பக்கம் புரட்டினாலும் இம்மியும் நகராமல் அதே 3.00-இல் இருந்தது ‘சி’, அம்பிகா.