மூன்றாவது ஆள்

முதலில் வந்த ஜெயசுதாவுக்கு யாரும் கைதட்டவில்லை. பாகூர் மைதானமே கடைசியாக வந்துகொண்டிருந்த ஷைஸ்தாவுக்காகத்தான் கத்திக்கொண்டிருந்தது.

"வாம்மா, விட்றாதம்மா, இன்னும் கொஞ்சந்தான்" என்று குடையைப் பிடித்தபடி அவளுக்குப் பக்கவாட்டிலேயே ஓடினார் அவள் பள்ளியின் பி.டி. மாஸ்டர் சிங்காரவேலு.

பள்ளிகளுக்கு இடையிலான பெண்கள் நடைப்போட்டி அது. ஜெயசுதாவும் வேறு பள்ளிப் பெண் ஒருத்தியும் எப்போதோ வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஷைஸ்தாதான் கடைக்குப் போய் வருகிறவள் மாதிரி நிதானமாக வந்துகொண்டிருந்தாள். முகத்தில் வியர்வைகூட இல்லை.

பந்தலில் இருந்த சிறப்பு விருந்தினருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜெயிச்ச புள்ளைய உட்டுட்டு, கடைசியா வர்ற புள்ளைக்குக் குடை புடிக்கிறாரு பாருங்க. இந்த மாதிரி வாத்தியாரு எத்தினி பேரு இருக்காங்க?" என்று மைக்கிலேயே கேட்டார்.

வாத்தியாரின் கருணைக்குக் காரணம் வேறு. மூன்று பேராவது எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் ஒரு போட்டிக்குப் புள்ளி தருவார்கள். இறங்கியதே மூன்று பேர். இந்தப் புள்ளி கிடைத்தால்தான் ஜெயசுதாவுக்குத் தனிநபர் சாம்பியன் கோப்பை. அவளோ அதே பள்ளியின் தாளாளர் புகழ்வேந்தனின் ஒரே மகள். மகள் கோப்பையோடு சிரிக்கிற பேனரை அவர் நேற்றே தவளக்குப்பம் ஜங்ஷனில் கட்டிவிட்டார்.

லாங் ஜம்ப்புக்குப் பள்ளிக்கு ஒருவர்தான் இறங்கலாம். நடைப்போட்டிக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை, ஏனென்றால் இடுப்பை ஆட்டி நடக்க எந்தப் பெண்ணும் வருவதில்லை. அதனால், மதியம் நடக்கவிருந்த லாங் ஜம்ப்பில் தன் பெயரை எடுத்துவிட்டு ஜெயசுதா பெயரைப் போட்டுவிட்டார்கள் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஷைஸ்தாவைத்தான் மாஸ்டர் பிடித்து இழுத்து வந்தார்.

"நீ ஒண்ணும் ஜெயிக்க வாணாம்மா. வந்து சேந்தா போதும்" என்று கெஞ்சினார். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

இப்போது கோட்டுக்கு ஓர் அடி இருக்கும்போது ஷைஸ்தா நின்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினாள்.

மாஸ்டர் குடையைக் கீழே போட்டார். "இன்னாம்மா ஆச்சு? சுளுக்கா?" என்று கையை நீட்டினார்.

"சார், தொட்டீங்கன்னா புள்ள அவுட்டு" என்றார் நடுவர் பச்சையப்பன். நீட்டிய கையை மாஸ்டர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

தாளாளரே பந்தலை விட்டு இறங்கி ஓடி வந்தார். நாலு வருஷமாகத் தன் பள்ளியில் படிக்கும் அந்தப் பெண்ணின் பெயரை மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஷைஸ்தா, கண்ணு, ஒரே ஒரு அடிதாம்மா" என்று குனிந்தார்.

ஷைஸ்தா ஷூவை மாட்டிக்கொண்டு நிதானமாக லேஸைக் கட்டினாள். எழுந்திருக்கவில்லை.

"லாங் ஜம்ப்புக்கு எம்பேர மைக்ல சொல்லச் சொல்லுங்க சார், அப்பறமா வரேன்."